கணவருக்குக் கீட்டமைன் சிகிச்சை: எடிசன் (நியூ ஜெர்சி) பக்கம் இடம் தேடுகிறேன்

தேன்மொழி_எடிசன் (செவ்வாய் இரவு)

வணக்கம். இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு வாரம் யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

என் கணவருக்கு வயது 41. மூன்று வருடமாக டிப்ரஷன். முதலில் செர்ட்ரலின் கொடுத்தார்கள், 200 மில்லிகிராம் வரை ஏற்றிப் பார்த்தார்கள். அப்புறம் வென்லாஃபாக்சின், அதோடு அரிபிப்ரசோல். ஒரு வருடம் கவுன்சிலிங்கும் போனார். கொஞ்ச நாள் தெளிவார், மறுபடி பழையபடி ஆகிவிடும். காலையில் லாகின் செய்கிறார், மீட்டிங்கில் பேசுகிறார், முடிந்ததும் போய்ப் படுத்துவிடுகிறார்.

எங்கள் வீட்டில் எட்டு வருடக் கறிவேப்பிலைச் செடி ஒன்று இருக்கிறது. குளிர் தொடங்கும் முன் தொட்டியைத் தூக்கி உள்ளே வைப்பது அவர் வேலை, வேறு யாரையும் தொட விடமாட்டார். இந்த அக்டோபர் கடைசியில் உறைபனி விழுந்த மறுநாள் காலையில் டெக்கைப் பார்த்தால் இலையெல்லாம் கறுத்துத் தொங்குகிறது. அவரிடம் போய்ச் சொன்னேன். "சரி" என்றார். அவ்வளவுதான். அன்றைக்குத்தான் எனக்கு நிஜமாகப் பயம் வந்தது.

அவருடைய டாக்டர், இனி கீட்டமைன் அல்லது எஸ்கீட்டமைன் பார்க்கலாம் என்கிறார். ஆனால் அவர்களிடம் அந்த வசதி இல்லை, பக்கத்தில் நீங்களே விசாரியுங்கள் என்று சொல்லிவிட்டார். விசாரித்தால் தலை சுற்றுகிறது. ஒரு இடத்தில் வைட்டமின் டிரிப் ஏற்றும் நாற்காலியிலேயே கீட்டமைனும் ஏற்றுகிறார்கள். இன்னொரு கம்பெனி வீடியோ காலில் பேசிவிட்டு மருந்தை வீட்டுக்கே அனுப்புமாம். மூன்றாவது இடத்தில் போன் எடுத்தவர், அவர் என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்றுகூடக் கேட்காமல் கிரெடிட் கார்டு நம்பரைக் கேட்டார்.

யாராவது இந்த வழியில் போயிருந்தால் சொல்லுங்கள். போன வாரம் ஒரு ராத்திரி, "நான் இல்லாவிட்டால் உனக்கும் பாப்பாவுக்கும் நிம்மதி" என்றார். எனக்குத் தூக்கம் போய்விட்டது.

கலைச்செல்வி_நர்ஸ் (செவ்வாய் இரவு)

தேன்மொழி, கிளினிக் விஷயம் நாளைக்கு. நீங்கள் கடைசியில் எழுதியதை முதலில் பார்ப்போம். நான் பென்சில்வேனியாவில் மனநலப் பிரிவில் நர்ஸ், அதனால்தான் அவசரப்படுகிறேன்.

இன்றைக்கே அவரிடம் நேராகக் கேளுங்கள்: "செத்துப்போக வேண்டும் என்று தோன்றுகிறதா? எப்படி என்றும் யோசித்தீர்களா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. பல பேருக்கு, யாரோ ஒருவர் கேட்டதே பெரிய ஆறுதலாக இருக்கும். ஆமாம் என்றாலோ, பதில் சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாலோ தற்கொலைத் தடுப்பு உதவி எண் 988-க்குக் கூப்பிடுங்கள். ராத்திரி எந்நேரமும் எடுப்பார்கள், மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றும் கேட்கலாம். தனியாக விட முடியாத நிலை என்றால் யோசிக்காமல் 911 அல்லது எமர்ஜென்சி. வீட்டில் இருக்கும் மாத்திரை டப்பாக்கள் எல்லாவற்றையும் உங்கள் பொறுப்பில் எடுத்துவையுங்கள், பழைய டைலெனால் (பாராசிட்டமால்) உட்பட. காலையில் டாக்டர் ஆபீசுக்குக் கூப்பிட்டு அவர் சொன்ன அதே வார்த்தைகளைச் சொல்லுங்கள். "கொஞ்சம் மோசமாக இருக்கிறார்" என்று மழுப்பாதீர்கள்.

தேன்மொழி_எடிசன் (புதன் மதியம்)

கேட்டேன் அக்கா. ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். எண்ணம் வருகிறது, ஆனால் எப்படி என்றெல்லாம் யோசிக்கவில்லை என்றார். அப்புறம் அழுதார். மூன்று வருடத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. டாக்டர் நாளைக்கே வரச் சொல்லியிருக்கிறார். மாத்திரைகள் என் அலமாரியில், சாவி என்னிடம்.

கலைச்செல்வி_நர்ஸ் (புதன் இரவு)

நல்லது செய்தீர்கள். இப்போது கிளினிக் விஷயத்துக்கு வருகிறேன்.

ஒரே பேரில் இரண்டு வேறு விஷயங்கள் ஓடுகின்றன. அதைப் பிரித்துப் பார்த்தாலே பாதிக் குழப்பம் தீரும். கீட்டமைன் பழைய மருந்து. அமெரிக்காவில் 1970-லேயே மயக்க மருந்தாக அங்கீகாரம் கிடைத்தது. 2000-ல் யேல் பல்கலைக்கழகத்தில் ஏழே நோயாளிகளை வைத்து ஒரு சின்ன ஆய்வு செய்தார்கள். உடல் எடையில் கிலோவுக்கு அரை மில்லிகிராம், 40 நிமிடத்தில் நரம்பு வழியாக. மற்ற மாத்திரைகள் வாரக்கணக்கில் செய்வதை இது சில மணி நேரத்தில் தொடங்கியது. இன்றைக்கும் பல கிளினிக்குகள் அதே அளவில்தான் ஆரம்பிக்கின்றன. ஆனால் டிப்ரஷனுக்கு என்று அதற்கு எஃப்டிஏ (அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு) அங்கீகாரம் இல்லை. டாக்டர் தன் பொறுப்பில் கொடுக்கலாம், அது சட்டப்படி சரிதான். இன்சூரன்ஸ் மட்டும் பெரும்பாலும் பணம் தராது.

எஸ்கீட்டமைன் அதன் ஒரு பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்ப்ரவாட்டோ என்ற பேரில் மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரே. மற்ற மருந்துக்குக் கேட்காத டிப்ரஷனுக்கு 2019 மார்ச்சில் அங்கீகாரம் கிடைத்தது. 2025 ஜனவரியிலிருந்து வேறு மாத்திரை இல்லாமல் தனியாகவும் கொடுக்கலாம். இதை வீட்டுக்குக் கொடுத்தனுப்ப மாட்டார்கள். பதிவு செய்த மையத்தில் வைத்துத்தான் அடிக்க வேண்டும், குறைந்தது இரண்டு மணி நேரம் கண்காணிப்பில் உட்கார வேண்டும், அன்று வண்டி ஓட்டக்கூடாது. ராத்திரி நன்றாகத் தூங்கி எழுந்த பிறகுதான் ஸ்டியரிங்கைத் தொடலாம்.

உங்கள் கணவர் இரண்டு மருந்தைப் போதுமான அளவில் பார்த்துவிட்டார், அதனால் முதலில் ஸ்ப்ரவாட்டோவை விசாரியுங்கள். அந்த மருந்தின் வலைத்தளத்திலேயே ஜிப் கோடு போட்டு மையங்களைத் தேடலாம். பெரிய பல்கலைக்கழக மருத்துவமனைகளில் "இன்டர்வென்ஷனல் சைக்கியாட்ரி" என்று தனிப் பிரிவு இருக்கும், அங்கேயும் கூப்பிடுங்கள்.

போனில் நான் முதலில் கேட்கச் சொல்வது விலையை அல்ல. "யார் இவரைப் பரிசோதித்து முடிவெடுப்பார்? மருந்து ஏறும்போது பக்கத்தில் யார் இருப்பார்? ராத்திரி பதினொரு மணிக்கு இவருக்கு மோசமானால் நான் யாருக்குக் கூப்பிடுவது?" இந்த மூன்றுக்கும் ஒரு ஆளைக் காட்டிச் சொல்ல முடியாத இடம் வேண்டாம். அப்புறம் அவர்கள் உங்களிடம் என்ன கேட்கிறார்கள் என்று கவனியுங்கள். ரத்த அழுத்தம், இதயம், மூளையில் எப்போதாவது ரத்தக்கசிவு, ரத்தக்குழாய் வீக்கம், குடும்பத்தில் யாருக்காவது பைபோலார் அல்லது மனச்சிதைவு, குடி, தூக்க மாத்திரை. இதையெல்லாம் துருவித் துருவிக் கேட்டால் நல்ல இடம். கிரெடிட் கார்டு நம்பரைக் கேட்டவரை மறந்துவிடுங்கள்.

டாக்டரின் பேரை வாங்கி, நியூ ஜெர்சி டிவிஷன் ஆஃப் கன்ஸ்யூமர் அஃபேர்ஸ் தளத்தில் லைசென்ஸைப் பாருங்கள். இலவசம். அவர் மேல் நடவடிக்கை ஏதும் இருந்ததா என்பதும் தெரியும்.

ராகவன்_டல்லாஸ் (வியாழன்)

எனக்கு நரம்பு வழியாக ஆறு தடவை போட்டார்கள், மூன்று வாரத்தில். தடவைக்கு 475 டாலர், எல்லாம் கைக்காசு.

முதலில் போன இடத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும், பேர் வேண்டாம். வரவேற்பறையில் மெழுகுவர்த்தி, மெல்லிசை, எல்லாம் பிரமாதம். ஊசியை ஏற்றிவிட்டு அந்தப் பெண் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார். சுவர் தள்ளித் தள்ளிப் போகிற மாதிரி இருந்தது. என் கால் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. கூப்பிடக் குரல் வரவில்லை. நாற்பது நிமிடமும் யாரும் எட்டிப் பார்க்கவில்லை, ரத்த அழுத்தம் ஒரு தடவைகூட எடுக்கவில்லை. வாந்தி வந்தது, சட்டையிலேயே எடுத்தேன்.

இரண்டாவது இடம் ஒரு அனஸ்தீசியா டாக்டரும் ஒரு சைக்கியாட்ரிஸ்ட்டும் சேர்ந்து நடத்துவது. பழைய சோபா, சுவரில் படம்கூடக் கிடையாது. ஆனால் நர்ஸ் என் தலைமாட்டிலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை, "ராகவன், நான் இங்கேதான் இருக்கிறேன்" என்பார். மருந்து அதேதான், அளவும் அதேதான். எனக்கு அது வேறு மருந்து மாதிரி இருந்தது.

பலன்? மூன்றாவதுக்கு அப்புறம் ஒரு காலையில் ஷவரில் நிற்கும்போது, தலைக்குள் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்த சத்தம் நின்றிருந்ததைக் கவனித்தேன். ஆறு முடிந்து ஐந்து வாரம் நன்றாக இருந்தது. அப்புறம் மெதுவாக இறங்கத் தொடங்கியது. இப்போது ஆறு வாரத்துக்கு ஒன்று. நிலைத்து நிற்க வைப்பதுதான் இதில் கஷ்டம், அதை யாரும் விளம்பரத்தில் சொல்வதில்லை.

சிவகாமி_ஃப்ரீமான்ட் (வியாழன்)

வருத்தப்படாதீர்கள், மனதில் பட்டதைச் சொல்கிறேன். இது பார்ட்டிகளில் ஓடும் போதை மருந்துதானே? நடிகர் மேத்யூ பெர்ரி இதனால்தானே இறந்தார்? மூன்று வருடம் பொறுத்தாயிற்று. யோகா, சாப்பாடு, கொஞ்ச நாள் ஊருக்குப் போய் அம்மா அப்பாவோடு இருப்பது, இதையெல்லாம் பார்க்காமல் இதில் இறங்க வேண்டுமா?

கலைச்செல்வி_நர்ஸ் (வியாழன்)

சிவகாமி அக்கா, உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. இது அமெரிக்காவில் கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளின் பட்டியலில், ஷெட்யூல் மூன்றில் இருக்கும் மருந்து, தவறாகப் பயன்படுத்துகிறவர்கள் உண்டு. அதிக அளவில் நீண்ட நாள் எடுப்பவர்களுக்குச் சிறுநீர்ப்பை கெட்டுப்போவது நிஜம்.

பெர்ரி 2023 அக்டோபரில் இறந்தார். அவரும் கிளினிக்கில் சிகிச்சை எடுத்தவர்தான். ஆனால் கடைசியாக அங்கே போட்டது ஒன்றரை வாரம் முன்பு, உடலில் இருந்தது அந்த மருந்தாக இருக்க முடியாது என்று பிரேதப் பரிசோதனை அறிக்கை சொன்னது. வெளியில் வாங்கி, கண்காணிக்க ஆள் இல்லாமல் வீட்டில் போட்டுக்கொண்டதுதான் உயிரை வாங்கியது. அதற்காக அடுத்த வருடம் ஐந்து பேர் மேல் வழக்குப் போட்டார்கள், அதில் இரண்டு பேர் டாக்டர்கள்.

அதனால்தான் வீட்டுக்குத் தபாலில் வரும் மாத்திரை வேண்டாம் என்கிறேன். மருந்துக்கடையில் கலந்து தயாரிக்கும் கீட்டமைனைப் பற்றி எஃப்டிஏ 2023 அக்டோபரில் எச்சரித்தது. வீட்டில் வாய் வழியாக எடுத்த ஒருவருக்கு மூச்சு மந்தமாகி, ரத்தத்தில் கீட்டமைன், மயக்கம் கொடுக்கும்போது இருக்கும் அளவைப் போல இரண்டு மடங்கு இருந்ததையும் அதில் சொல்லியிருந்தார்கள். வேறொருவர் தயவில் உயிர் வாழ வேண்டிய அந்த ஒரு மணி நேரத்தில், படுக்கையறையில் தனியாக இருக்கக் கூடாது.

யோகா நல்லதுதான். ஆனால் கட்டிலை விட்டு எழ முடியாத ஆளிடம் யோகா செய் என்றால், அதுவும் நம்மால் முடியவில்லையே என்று இன்னும் உடைந்துபோவார். எழுந்து உட்கார்ந்த பிறகு செய்யட்டும்.

தாமரை_சிகாகோ (வெள்ளி)

ஒரு விஷயத்தை யாரும் சொல்லவில்லை. ஈசிடி, அதாவது மின்னதிர்வு சிகிச்சை. நம் ஆட்கள் ஷாக் ட்ரீட்மென்ட் என்றதும் பழைய சினிமாவை நினைத்துப் பயந்துவிடுகிறார்கள். என் அம்மாவுக்கு யாரோ விஷம் வைக்கிறார்கள் என்ற நினைப்போடு டிப்ரஷன் வந்தது, சாப்பாட்டையே நிறுத்திவிட்டார். ஈசிடிதான் காப்பாற்றியது. ஒன்பது தடவை. மயக்க மருந்து கொடுத்துத்தான் செய்வார்கள், வலி இல்லை. ஞாபக மறதி வந்தது, அதை மறைக்க மாட்டேன். எங்கள் வீட்டுக் கல்யாணம் ஒன்று அவருக்கு இன்னமும் நினைவில் இல்லை.

கலைச்செல்வி_நர்ஸ் (வெள்ளி)

தாமரை சொல்வது சரி. அம்மாவுக்கு இருந்த மாதிரி பிரமை கலந்த டிப்ரஷனுக்கு ஈசிடிதான் முன்னால் நிற்கும். பிரமை இல்லாதவர்களை வைத்து இரண்டையும் ஒப்பிட்ட ஒரு பெரிய ஆய்வு 2023-ல் வந்தது. நரம்பு வழிக் கீட்டமைனில் 55 சதவீதம் பேருக்கும் ஈசிடியில் 41 சதவீதம் பேருக்கும் பலன் தெரிந்தது, மறதியும் கீட்டமைனில் குறைவு. அதனால் தேன்மொழி வீட்டில் இதை முதலில் பார்ப்பதில் தவறில்லை. சரிப்படாவிட்டால் ஈசிடி இருக்கிறது என்பதை மனதில் வையுங்கள், அவரிடமும் சொல்லிவையுங்கள். இதோடு வழி முடிந்தது என்று நினைத்துக்கொண்டு அந்த நாற்காலியில் உட்கார்வது ஆபத்து. இன்னொன்றும் தெரிந்திருக்கட்டும்: தற்கொலை எண்ணம் உள்ளவர்களின் டிப்ரஷனுக்கும் ஸ்ப்ரவாட்டோவை 2020-ல் அனுமதித்தார்கள், ஆனால் அது தற்கொலையைத் தடுக்கும் என்று நிரூபணமாகவில்லை என்று மருந்துச் சீட்டிலேயே இருக்கிறது. அதனால் சாவி உங்களிடமே இருக்கட்டும்.

பாலா_பில்லிங் (சனி)

நான் மெடிக்கல் பில்லிங்கில் வேலை செய்கிறேன். ஸ்ப்ரவாட்டோவுக்கு முன் அனுமதி வாங்காமல் ஒரு ஸ்ப்ரேகூட அடிக்க விடாதீர்கள். இன்சூரன்ஸ் கேட்பது இதுதான்: எந்த மருந்து, எத்தனை மில்லிகிராம், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, ஏன் நிறுத்தினீர்கள். டாக்டர் குறிப்பில் "பலன் இல்லை" என்று மட்டும் இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். மருந்துக்கடையில் மூன்று வருடத்துக்கும் வாங்கிய பட்டியலைக் கேட்டு வாங்கி அதோடு சேர்த்து அனுப்புங்கள். பிஹெச்க்யூ-9 (டிப்ரஷன் எவ்வளவு என்று அளக்கும் கேள்விப் படிவம், கூடினால் மோசம்) மதிப்பெண்களும் வேண்டும்.

மருந்துக்கு ஒரு பில், அங்கே உட்கார வைத்துக் கண்காணிப்பதற்கு ஒரு பில் என்று வரலாம். இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். நிராகரித்தால் அப்பீல், அதுவும் போனால் வெளியாரின் மறு ஆய்வு கேட்கலாம். முதல் நிராகரிப்போடு விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம், அதைப் பார்த்தால் எனக்கு ஆதங்கமாக இருக்கும்.

வேலையைப் பற்றியும்: கம்பெனியில் 50 பேரோ அதற்கு மேலோ இருந்து, அவர் ஒரு வருடம் முடித்திருந்தால் எஃப்எம்எல்ஏ (வேலை போகாமல் மருத்துவ விடுப்பு தரும் சட்டம்) விடுப்பைத் துண்டு துண்டாக எடுக்கலாம். வாரம் இரண்டு அரை நாள் என்றுகூட. நோயின் பேரை மேனேஜரிடம் சொல்ல வேண்டியதில்லை.

முகில்_சென்னை (சனி)

இங்கே என் தங்கைக்கு இதே நிலை. சென்னையில் கிடைக்குமா?

கலைச்செல்வி_நர்ஸ் (ஞாயிறு)

தம்பி, இந்தியாவில் கீட்டமைன் ஷெட்யூல் எக்ஸ் பட்டியலில் இருக்கிறது, கட்டுப்பாடு அதிகம். மருத்துவமனையில் சேர்த்து மனநல மருத்துவரும் மயக்க மருந்து நிபுணரும் சேர்ந்துதான் பார்க்க வேண்டும். வெளியில் தேடாதீர்கள். தங்கையின் டாக்டரிடமே மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனைக்கோ கடிதம் கேளுங்கள். அவசரத்துக்கு அரசின் மனநல உதவி எண் டெலி-மானஸ் 14416, தமிழில் பேசுவார்கள்.

தேன்மொழி_எடிசன் (ஐந்து வாரம் கழித்து)

எல்லோருக்கும் பதில் சொல்ல நேரம் எடுத்துவிட்டது, மன்னியுங்கள்.

ஆறு இடத்துக்குப் போன் போட்டேன். கலைச்செல்வி அக்காவின் மூன்று கேள்விக்கும் பதில் சொன்னது இரண்டு இடம். அதில் நியூ பிரன்ஸ்விக் பக்கம் இருப்பதை எடுத்துக்கொண்டோம். முதல் நாள் டாக்டர் ஒன்றேகால் மணி நேரம் பேசினார். முடிவில், "இதிலிருந்து உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று இவரிடம் கேட்டார். இவர் தரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம், "காலையில் எழுந்திருக்கணும்" என்றார்.

பாலா சொன்ன மாதிரியே முதலில் நிராகரித்தார்கள், வென்லாஃபாக்சின் எத்தனை மாதம் என்று குறிப்பில் இல்லையாம். மருந்துக்கடைப் பட்டியலை அனுப்பினோம், ஒன்பதாம் நாள் அனுமதி வந்தது.

முதல் தடவை நானும் கூடவே உட்கார்ந்தேன். இரண்டு மணி நேரம் முன்பிருந்தே சாப்பிடக் கூடாது என்றார்கள். அந்த ஸ்ப்ரேயில் இரண்டு பச்சைப் புள்ளிகள் இருக்கின்றன. ஒவ்வொரு மூக்குத் துவாரத்திலும் அடிக்க அடிக்க ஒவ்வொன்றாக மறைகிறது. ஐந்து நிமிடம் விட்டு இரண்டாவது ஸ்ப்ரே. தொண்டையில் இறங்கும் கசப்பு முகத்தில் தெரிந்தது, நர்ஸ் ஒரு எலுமிச்சை மிட்டாய் கொடுத்தார். இருபது நிமிடத்தில் பேச்சு இழுத்தது. "கை உன் கையில் இருக்கிறது, ஆனால் என் கை மாதிரி இல்லை" என்றார். நாற்பதாவது நிமிடம் ரத்த அழுத்தம் 128-லிருந்து 146-க்கு ஏறியிருந்தது. நர்ஸ் அசையவில்லை, பக்கத்திலேயே இருந்து மறுபடி எடுத்தார், இறங்கிய பிறகுதான் எழுந்து போனார். ராகவன் சார், அந்த ஸ்டூலைப் பற்றி நீங்கள் எழுதியது அப்போது ஞாபகம் வந்தது.

நான்கு தடவை ஆகிவிட்டது. மதிப்பெண் 22-லிருந்து 17. பெரிய மாற்றம் என்று சொல்ல மாட்டேன். சனிக்கிழமை, நான் உள்ளே கொண்டுவந்து வைத்திருந்த அந்தக் கறிவேப்பிலைத் தண்டை நகத்தால் கீறிப் பார்த்துக்கொண்டிருந்தார். "அடியில் பச்சை இருக்கு" என்றார். மறுநாள் முழுக்க மறுபடி படுக்கைதான். இரண்டுமே நடக்கிறது.

இப்போதைய கஷ்டம் வண்டிதான். வாரம் இரண்டு தடவை, முதல் நான்கு வாரம். நான்கு தடவையும் நானே லீவு போட்டு ஓட்டினேன், என்னிடம் இனி லீவு இல்லை. ஊபரில் தனியாக அனுப்ப மனசில்லை, மையத்திலும் தெரிந்தவர் யாராவது வரச் சொல்கிறார்கள். செவ்வாய், வெள்ளி, மதியம் ஒன்றரைக்குப் போய் நாலேகாலுக்குத் திரும்ப வேண்டும். எடிசன் பக்கம் யாராவது இருக்கிறீர்களா?

ஓக்ட்ரீ_மாமி (அன்று மாலை)

நான் ஐஸ்லினில் இருக்கிறேன் கண்ணா. ரிடையர் ஆகிவிட்டேன், வண்டி ஓட்டுவேன். வெள்ளிக்கிழமை என்னுடையது. கூட உட்கார்ந்து ஸ்லோகப் புத்தகம் படித்துக்கொண்டிருப்பேன், அவரைப் பேசச் சொல்லித் தொந்தரவு செய்ய மாட்டேன்.

ராகவன்_டல்லாஸ் (அன்று இரவு)

என் தம்பி பிஸ்கட்டவேயில் இருக்கிறான், செவ்வாய்க்கிழமை வீட்டிலிருந்துதான் வேலை. கேட்டுவிட்டேன், சரி என்கிறான். நம்பரைத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன்.

தேன்மொழி_எடிசன் (அன்று இரவு)

மாமி, தனிச்செய்தி அனுப்பியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை ஒரு மணிக்கு வாசலில் தயாராக இருப்பார். குளிருக்கு அவருடைய நீல ஜாக்கெட்டைப் போடச் சொல்லுங்கள், மறந்துவிடுவார்.